ஆக்ராவா, அமிர்தசரஸா, கெர்மானா? பழைய ரத்தினக் கம்பளம் வாங்குவதற்கு முன்

லண்டன் பக்கம் ஹாரோவில் இருக்கும் சித்தப்பா மகள் போன மாதம் ஃபோன் செய்தாள். புது வீட்டு ஹாலுக்கு ஒரு பழைய கம்பளம் வேண்டுமாம். கடை கடையாக ஏறி இறங்கி மூன்றில் வந்து நிற்கிறாள். 1890 வாக்கில் நெய்ததாகச் சொல்லப்படும் ஆக்ரா ஒன்று. அதைவிடப் பத்துப் பதினைந்து வருஷம் இளைய அமிர்தசரஸ் ஒன்று. மூன்றாவது கெர்மான், அதாவது அசல் பாரசீகம். வயது கிட்டத்தட்ட ஆக்ராவின் வயதுதான். மூன்றும் 12க்கு 9 அடிக்கு முன்னே பின்னே. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

"ஏனுங்ண்ணா, நம்ம நாட்டுக் கம்பளமெல்லாம் பெர்ஷியாவைப் பார்த்து அடிச்ச காப்பிதானே? ஒரிஜினலே அதே விலைக்குக் கிடைக்கறப்ப காப்பி எதுக்குங்க?"

கேள்வி நியாயம்தான். நான் ஈரோட்டில் ஜமக்காளமும் படுக்கை விரிப்பும் விற்றவன். கம்பள நிபுணன் இல்லை. வியாபாரத்துக்காக உத்தரப் பிரதேசத்துக் கம்பள ஊரான பதோகிக்கும் ஸ்ரீநகருக்கும் போய்வந்ததில் முடிச்சுக் கம்பளத்தின் மேல் ஒரு பித்துப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அந்தப் பித்தில் ஒருமுறை கையையும் சுட்டுக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த "காப்பி" என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். அது சரியா தப்பா என்பதை வைத்தே அவள் முடிவு மாறும்.

பாரசீகத்திலிருந்து வந்தது, இங்கே மாறியது

வேர் பாரசீகம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆட்சியை இழந்த ஹுமாயூன் 1544இல் பாரசீக மன்னர் தஹ்மாஸ்பிடம் தஞ்சம் போனார். அந்தத் தொடர்பில் மீர் சையத் அலி, அப்துஸ் சமத் என்ற இரண்டு பெரிய ஓவியர்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். மகன் அக்பர் காலத்தில் ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி, லாகூர் மூன்றிலும் கம்பளத் தறிகள் ஓடின. அக்பர் ஆட்சியைப் பற்றிய அய்னி அக்பரி என்ற நூலில் அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் இதைப் பற்றி எழுதும் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரானியக் கம்பளங்களை இனி யாரும் நினைப்பதில்லை என்று பெருமை பேசுகிறார். கூடவே, வியாபாரிகள் கெர்மானிலிருந்தும் சப்ஸவாரிலிருந்தும் இன்னும் கொண்டுவந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்பதையும் எழுதிவிடுகிறார். என் தங்கையின் குழப்பம் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

வந்த சரக்கு என்ன? புடவையை வைத்துச் சொன்னால் சுலபம். கம்பளத்துக்கும் உடல் உண்டு, கரை உண்டு. உடலின் நடுவில் பெரிய பதக்கம், நான்கு மூலையிலும் அதன் கால் கால் துண்டு. இந்த அமைப்பு பாரசீகம். சுருண்டு ஓடும் கொடி, குறுக்கே வெட்டிப் பார்த்தது போன்ற பெரிய பூ, நான்காகப் பிரித்த தோட்டத்தில் வாய்க்கால், தொழுகை மாடத்தின் வளைவு, எல்லாம் அங்கிருந்து வந்தவை. முடிச்சுகூட அவர்களுடையதுதான். பாவு நூல் இரண்டில் ஒன்றை முழுதாகச் சுற்றி, மற்றதன் அடியில் நுழைத்து விடும் முடிச்சு அது. இந்தியத் தறிகள் பெரும்பாலும் இதைத்தான் போடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், பாரசீகத்திலேயே தப்ரீஸ் ஊரில் போடுவது துருக்கி முடிச்சு.

ஆனால் சரக்கு இங்கே வந்தபின் என்ன ஆனது என்பதில்தான் விஷயம். பாரசீகக் கம்பளத்தில் பூ என்பது ஒரு வடிவம். கொடியில் எங்கே வேண்டுமானாலும் முளைக்கும், எந்தச் செடி என்று கேட்கக் கூடாது. 1620இல் ஜஹாங்கீர் வசந்தகாலத்துக் காஷ்மீரைப் பார்த்துச் சொக்கிப்போய், உஸ்தாத் மன்சூரை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களை வரையச் செய்தார். ஐரோப்பியத் தாவரப் படங்களும் அரண்மனைக்கு வந்துகொண்டிருந்தன. ஷாஜஹான் காலத்துக் கம்பளங்களில் பூ செடியாகவே எழுந்து நிற்கிறது. தண்டு, இலை, மொட்டு, காற்றில் சாய்ந்த கழுத்து எல்லாம் இருக்கும். பின்னல் கட்டத்துக்குள் கட்டத்துக்கு ஒரு செடியாக வைத்து நெய்தார்கள். அவற்றில் பட்டுப் பாவில் பஷ்மினா ரோமம் வைத்து, சதுர அங்குலத்துக்கு 2000 முடிச்சுக்கு மேல் போட்டவையும் உண்டு.

மிருகங்களும் அப்படியே. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அக்பர் காலத்துக் கம்பளம் ஒன்று இருக்கிறது. அதில் யானைகளைப் பிடித்து ஆட்டும் ஒரு விநோத மிருகம். கஜசிம்மம் என்கிறார்கள். நம் கோயில் தூண்களில் யாளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை.

அப்புறம் சிவப்பு. பாரசீகத்தில் சிவப்புக்குப் பெரும்பாலும் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு வேர். செங்கல்லுக்கும் ரோஜாவுக்கும் நடுவில் நிற்கும் நிறம். முகலாயக் கம்பளங்களில் அரக்கு. ஆமாம், அரக்கு கலர் புடவை என்று சொல்கிறோமே, அதே அரக்கு. அது நீலம் கலந்த ஆழமான சிவப்பு. ஆனால் சிவப்பை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிட முடியாது. கெர்மானில் கொச்சினீல் பூச்சியின் சாயம் போடுவார்கள். அதுவும் கிட்டத்தட்ட இந்தச் சாயல்தான்.

ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தில் பெரிய தோட்டக் கம்பளம் ஒன்று உண்டு. வாய்க்கால், மீன், மரம் எல்லாம் நெய்தது. கெர்மானில் நெய்ததாகக் கருதுகிறார்கள்; அதன் பின்துணியில் இருந்த குறிப்பின் தேதி 1632. அதை வைத்திருந்தது ஜெய்ப்பூர் ராஜாக்களின் அம்பேர் அரண்மனை. அதே அரண்மனை லாகூர்ப் பாணிப் பூக்கம்பளங்களையும் குவித்து வைத்திருந்தது. காசுள்ள ராஜா இரண்டையும் வாங்கினார். இரண்டும் வேறு வேறு பொருள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் ஹாரோவில் கிடக்கும் ஆக்ரா இது இல்லை

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் "முகல் டிராடிஷன்" என்று ஆரம்பிப்பார். முகலாயர் காலக் கம்பளம் என்பது அருங்காட்சியகத்துக்கும் கோடீஸ்வரனுக்கும் போவது. நம் கைக்கு எட்டும் ஆக்ரா 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சரக்கு. அதன் கதை வேறு.

முகலாய ஆட்சி சரிந்ததும் அரண்மனைத் தறிகள் ஓய்ந்தன. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் இந்தியக் கம்பளங்களைப் பார்த்த ஐரோப்பா மறுபடி கேட்க ஆரம்பித்தது. பிரிட்டிஷ் அரசு இதற்குக் கண்டுபிடித்த ஆள்பலம் சிறைக் கைதிகள். லாகூர், ஜெய்ப்பூர், புனே எரவாடா என்று பல சிறைகளில் தறி போட்டார்கள். பேர் வாங்கியது ஆக்ரா. விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்காக ஆக்ரா சிறையில் நெய்த கம்பளம் இன்றும் விண்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ அறையில் இருக்கிறது. சுமார் 80க்கு 40 அடி, ஒட்டு இல்லாத ஒரே துண்டு, எடை இரண்டு டன். 1992இல் கோட்டையில் தீப்பிடித்தபோது அதைச் சுருட்டி வெளியே எடுக்க 50 சிப்பாய்கள் தேவைப்பட்டார்களாம்.

கைதிக்கு அவசரம் இல்லை, பீஸ் கணக்கு இல்லை. அதனால்தானோ என்னவோ, நல்ல ஆக்ராவின் நெசவு அடர்த்தியாக, கனமாக, முரட்டு உழைப்புக்குத் தாங்குவதாக இருக்கிறது. கைதிகளின் கட்டாய உழைப்பில் வந்த பொருளை வீட்டில் விரிப்பதா என்று சிலருக்கு உறுத்தும். எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. உறுத்தினால் வாங்க வேண்டாம். அதற்கு நெசவுத் தரத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

வடிவம் பழைய பாரசீகம்தான். ஆனால் எல்லாம் பெரிதாக, இடம் விட்டு. கெர்மானில் ஒரு அடிக்குள் இருபது பூ என்றால் ஆக்ராவில் இரண்டு. பச்சையும், மங்கிய பொன்னும், அரக்குச் சிவப்பும் சேர்ந்து ஒரு அமைதி வரும். என் கணக்கில் ஆக்ராவின் மதிப்பே இந்த இடைவெளிதான். பாரசீகத்தை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று அளந்தால் ஆக்ரா எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும். எங்கே விலகியிருக்கிறது என்று பார்த்து வாங்குபவனுக்குத்தான் அது லாபம்.

அமிர்தசரஸின் பின்னணி சால்வை. காஷ்மீரிலிருந்து வந்து குடியேறிய சால்வை நெசவாளர்கள் அங்கே இருந்தார்கள். ஐரோப்பாவில் சால்வைக்கு மவுசு குறைந்து, 1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் போருக்குப் போனதும் பாரிஸ் சந்தை விழுந்தது. அந்தக் கைகள் கம்பளத்துக்குத் திரும்பின. ரோமம் ஆக்ராவைவிட மிருது, பளபளப்பு கூட. நிறங்களில் துணிச்சல்: ஒயின் சிவப்பு, கத்திரிப்பூ, குங்குமப்பூ மஞ்சள், வெளிர் நீலம். மேல்நாட்டு வரவேற்பறைக்கு என்றே யோசித்துச் செய்தவை. மிருதுவுக்கு விலை உண்டு: ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் ஆக்ராவைவிடச் சீக்கிரம் தேயும்.

இப்போது கெர்மானைப் பாருங்கள். அங்கேயும் சால்வை நெசவுதான் பெரிய தொழில். அதே காலத்தில் அதுவும் படுத்தது. அதே மாதிரி கம்பளத்துக்கு வந்தார்கள். சால்வைக்குப் பழகிய கை என்பதால் நுணுக்கமும் நிறங்களின் எண்ணிக்கையும் அசரவைக்கும். வடிவம் வரைவதில் கெர்மானை ஆக்ரா நெருங்கவே முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "அசல்" என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மான்செஸ்டரின் சீக்லர் கம்பெனி 1883 வாக்கிலேயே பாரசீகத்தின் சுல்தானாபாதில் இறங்கி, ஆங்கிலேயர் வீட்டு அளவுக்கும் ரசனைக்கும் ஏற்ப நெய்ய வைத்தது. 1920களில் கெர்மானே அமெரிக்கர்களுக்காக நடு உடலை வெறுமையாக விட்டு நெய்தது. அதே காலத்தில் அமெரிக்கா போன சாரூக் என்ற இன்னொரு பாரசீக வகைக் கம்பளங்களை ரசாயனத்தில் வெளுத்து, மறுபடி கையால் சிவப்புத் தீட்டி விற்றார்கள். ஆக, 1890க்குப் பிறகு ஆக்ரா, அமிர்தசரஸ், கெர்மான் மூன்றும் ஒரே வாடிக்கையாளருக்காகத்தான் ஓடின.

நாலாவதாக ஒன்று

வயது முக்கியமில்லை, பாரசீக வடிவம்தான் வேண்டும் என்றால் புதிய காஷ்மீர் பட்டுக் கம்பளம் ஒன்றே போதும் என்று அவளிடம் சொன்னேன். காஷ்மீரில் தாலிம் என்ற குறியெழுத்தை வைத்து நெய்கிறார்கள். எந்த நிறம், எத்தனை முடிச்சு என்பதெல்லாம் ஒரு காகிதச் சீட்டில் சுருக்கெழுத்தாக இருக்கும். இதுவும் சால்வை நெசவிலிருந்து வந்ததுதான். அங்குலத்துக்கு 18க்கு 18, அதாவது சதுர அங்குலத்துக்கு 324 முடிச்சு என்பது அங்கே சாதாரணத் தரம்.

இந்த எண்ணை இன்னொன்றோடு வைத்துப் பாருங்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபில் கம்பளம், 1539-40இல் முடித்தது, உலகத்திலேயே ரொம்பப் பேர் பெற்ற பாரசீகக் கம்பளங்களில் ஒன்று. அதில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 முடிச்சு. கிட்டத்தட்ட நம் காஷ்மீர் கடைச் சரக்கின் எண்ணிக்கைதான். முடிச்சை எண்ணி விலை சொல்லும் கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எண்ணிக்கை ஒரு அளவுகோல், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

காஷ்மீரில் கவனிக்க வேண்டியது பட்டா, செயற்கைப் பட்டா என்பது. குஞ்சத்திலிருந்து ஒரு இழையை எரித்தால் போதாது, அது பருத்தியாகவே இருக்கலாம். மேல் ரோமத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்து எரிக்க வேண்டும். முடி கருகும் வாசனை வந்தால் பட்டு. காகிதம் எரியும் வாசனை என்றால் நடையைக் கட்டுங்கள்.

கையைச் சுட்டுக்கொண்ட கதை

சில வருஷம் முன்பு டெல்லியில் ஒரு கடையில் "நூறு வருஷத்து ஆக்ரா" ஒன்று வாங்கினேன். மங்கிய பொன்னிறம், தேய்ந்த உடல், பார்க்க அப்படி ஒரு முதிர்ச்சி. ஊருக்குக் கொண்டுவந்து விரித்தேன். பேத்தி அதில் தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்தாள். வெள்ளைத் துண்டால் ஒற்றி எடுத்தால் துண்டு பழுப்பு. மோந்து பார்த்தால் டீ. புதுக் கம்பளத்தைத் தேயிலைச் சாயத்தில் முக்கி, கத்தரித்து, வயதாக்கியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு எந்தக் கம்பளத்தையும் முதலில் புரட்டித்தான் பார்க்கிறேன். பழைய கம்பளத்தின் முதுகு பல வருஷம் தரையில் தேய்ந்து வழவழவென்று இருக்கும். ரோமத்தை விரலால் பிரித்தால் நுனியிலிருந்து அடிவரை நிறம் படிப்படியாக ஆழமாக வேண்டும். நுனியில் வெளுப்பு, அடியில் திடீரென்று பளிச் என்றால் ரசாயனக் குளியல். ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் அழுத்தி ஒற்றிப் பாருங்கள். குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாக வர வேண்டும். தனியாகத் தைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கரும்பழுப்பு இழைகள் மட்டும் மற்றவற்றைவிடப் பள்ளமாக அரித்திருந்தால் சந்தோஷப்படுங்கள். இரும்பு கலந்த பழைய சாயம் ரோமத்தைத் தின்றுவிடும்; அது வயதின் அடையாளம், போலி செய்வது கஷ்டம். ஒரு மூலையை மெதுவாக மடித்துக் காதில் வையுங்கள். மொறுமொறு என்று சத்தம் வந்தால் அடியிலுள்ள பருத்தி ஈரத்தில் மக்கிவிட்டது. அதை எந்த விலைக்கும் தொடாதீர்கள். சென்னை, கொழும்பு போன்ற கடற்கரை ஊரில் வைத்திருந்த கம்பளம் என்றால் இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும். செத்த ஆட்டின் தோலிலிருந்து சுண்ணாம்பு போட்டு எடுத்த ரோமமும் சில கம்பளங்களில் உண்டு. அது உயிரில்லாமல் வறவறவென்று இருக்கும், கைவைத்ததுமே தெரிந்துவிடும்.

கடைசியாகக் கரை. நான்கு பக்கமும் ஒரே அகலமா, வெளிக் கோடு நான்கிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்து மாளிகைக் கம்பளங்களைப் பிற்பாடு சின்ன அறைக்காக அறுத்துத் தைப்பது சகஜம்.

சட்டம் ஒரு பக்கம்

"நீங்களே அங்க வாங்கி அனுப்பீருங்ளேண்ணா" என்று தங்கை நடுவில் கேட்டாள். முடியாது. நூறு வருஷம் கடந்த கலைப்பொருளை இந்தியாவிலிருந்து தனி ஆள் வெளியே அனுப்ப 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் விடாது. உள்ளூரில் விற்கவே உரிமம் வேண்டும். அதனால் இந்தியாவில் இருக்கும் வாசகர்கள் உரிமம் உள்ள கடையில் வாங்கி, ரசீதில் வயதையும் எழுதி வாங்குங்கள். பிற்காலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பலாம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இதில் நஷ்டம் இல்லை. ஆக்ராவும் அமிர்தசரஸும் ஏற்றுமதிக்கென்றே நெய்தவை. நல்ல துண்டுகள் அப்போதே லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்விட்டன.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. இரானியக் கம்பள இறக்குமதிக்கு அங்கே 1987இல் தடை, 2000இல் தளர்வு, 2010இல் மறுபடி தடை, 2016இல் தளர்வு, 2018இல் திரும்பவும் தடை. ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் பாரசீகக் கம்பளத்தை வாங்கலாம். லண்டனில் பார்த்துப் பிடித்துப்போய்க் கொண்டுபோக நினைத்தால் சிக்கல். இந்தியக் கம்பளத்துக்கு இந்தத் தலைவலி கிடையாது.

சரி, எதை?

சுவரில் மாட்டவோ, யாரும் செருப்போடு நுழையாத படிப்பறைக்கோ என்றால் யோசிக்காமல் கெர்மானை எடு என்றேன். அருகில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்கப் புதிதாக ஏதாவது தெரியும். நிறத்துக்காகத்தான் வாங்குகிறாய், சோபாவும் திரையும் வெளிர் நிறம் என்றால் அமிர்தசரஸ். அவள் வீட்டிலோ ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு வாண்டுகள். ஹாலில்தான் விளையாட்டு, சாப்பாடு எல்லாம். அதற்கு ஆக்ரா. அதன் பெரிய பூக்கள் தூரத்திலிருந்து, நின்ற நிலையில் பார்க்கவே வரைந்தவை. ஹாலில் கம்பளத்தை அப்படித்தானே பார்ப்போம்?

பிறகு, வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த விக்டோரியா ஆல்பர்ட்டுக்குப் போய் அர்தபிலைப் பார்த்துவிட்டு வா என்றேன். நிறம் மங்காமல் இருக்க மணிக்கு இரண்டு தடவை பத்துப் பத்து நிமிஷம்தான் அதற்கு விளக்குப் போடுவார்கள். வில்லியம் ஃபிரெம்லின் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் 1640 வாக்கில் தன் குடும்பச் சின்னத்தைப் போட்டு இந்தியாவில் நெய்வித்த கம்பளமும் அந்த அருங்காட்சியகத்தின் சொத்துதான். அசல் எது, காப்பி எது என்று பார்த்துவிட்டு அவளே சொல்லட்டும்.

போனாள். வந்து ஆக்ரா என்றாள். நான்கு மூலையையும் முதுகையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டு மூலை சரியாக இருந்தது. மற்ற இரண்டிலும் ஒரு பக்கத்து வெளிப்புற மெல்லிய கோடு இல்லை. அந்தப் பக்கம் முழுக்க அரையடி அறுத்துக் கரையைத் திருப்பித் தைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் தைத்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அறுத்த கம்பளத்துக்கு முழுக் கம்பளத்தின் விலை கிடையாது. மூன்றில் ஒரு பங்கு கழித்துக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். அமிர்தசரஸை இன்னும் ஒரு வாரம் யாருக்கும் விற்காமல் வைத்திருக்கவும் அவளே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். வியாபாரி வீட்டுப் பெண்தானே.